மேடை நாளில் மாத்திரைக்கு லீவு

டிசம்பர் 2, செவ்வாய்

மாத்திரை ஆச்சு.

டாக்டர் முகைதீன் சொன்னபடி இந்த நோட்டைத் தொடங்குகிறேன். "தினமும் ரெண்டு வரி எழுதுங்கம்மா. மாத்திரை போட்டாச்சா, பிரஷர் எவ்வளவு, ஒடம்புக்கு என்ன செய்யுது. அடுத்த தடவை வரும்போது நோட்டைக் கொண்டு வாங்க" என்றார். இரண்டு வரியாம்! இருபத்திரண்டு வருஷமாகப் பட்டிமன்றம் பேசுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது, நடுவர் அவர்களே? மணி அடிக்காமல் நான் எதையும் நிறுத்தியதில்லை.

பெயர் ஆவுடைநாயகி. வயது ஐம்பத்து நான்கு. பாளையங்கோட்டையில் ஒரு சின்ன தபாலாபீஸின் போஸ்ட் மாஸ்டர். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் மேடைப் பேச்சாளர். நேற்று எடுத்த பிரஷர் 172/104. நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு நூற்றுப் பத்து.

"பிரஷரும் கூட, துடிப்பும் கூட. ரெண்டையும் சேத்துப் பிடிக்கதுக்கு இந்த மாத்திரை" என்றார் டாக்டர். பீட்டா பிளாக்கர் என்று அந்த வகைக்குப் பெயராம். இளைப்பு நோய் உண்டா, சர்க்கரை உண்டா என்று கேட்டுக்கொண்டார். இரண்டும் இல்லை. காலையில் இட்லிக்குப் பிறகு ஒன்று, தினமும் ஒரே நேரத்தில். உடைக்கக்கூடாது, மெல்லக்கூடாது, முழுசாக விழுங்க வேண்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது. கடைசியாக எழுந்து நின்று சொன்னது: "எதுக்காகவும் நீங்களா நிறுத்தக்கூடாது."

சரி என்று தலையை ஆட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் கொம்பையாவும் ஆட்டினார். அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு வீட்டில் விசேஷம் என்று அர்த்தம்.

டிசம்பர் 5, வெள்ளி

மாத்திரை ஆச்சு. 156/96.

விரல் நுனியெல்லாம் குளிர்ந்து கிடக்கிறது. காலையில் படுக்கையிலிருந்து வெடுக்கென்று எழுந்தேன், அறை ஒரு சுற்றுச் சுற்றியது. "மெள்ள எந்தி" என்றார் இவர். இரண்டு வார்த்தை போச்சு, மீதி எட்டு.

டிசம்பர் 9, செவ்வாய்

மாத்திரை ஆச்சு. ஆபீஸில் ஆதார் திருத்தம் செய்ய ஒரே கூட்டம். வேறு எழுதத் தெம்பில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

மாத்திரை ஆச்சு.

கல்லிடைக்குறிச்சியில் பட்டிமன்றம். தலைப்பு: "வீட்டின் நிம்மதிக்குக் காரணம் பேசும் மனைவியா, கேட்கும் கணவனா?" நான் பேசும் மனைவி அணி. வேறு எந்த அணியில் போடுவார்கள்?

எல்லா மேடையிலும் என் முறை வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் நெஞ்சு தடதடவென்று அடிக்கும். உள்ளங்கை வேர்க்கும். அந்தப் படபடப்பில்தான் எனக்குப் பேச்சே பிறக்கும். இன்றைக்கு நெஞ்சு கம்மென்று இருந்தது. தென்காசி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன், பேசினேன், உட்கார்ந்தேன். ஜனங்கள் சிரித்தார்கள், மரியாதைக்குச் சிரித்திருப்பார்கள்.

எங்கள் நடுவர் புலவர் மகாராஜன் "நல்லாருந்துச்சு நாயகியம்மா" என்றார். அதைத்தான் மைக் செட்காரரிடமும் சொன்னார். என் வீட்டுக்காரர் எப்போதும் போல மைக் செட் பக்கத்தில் நின்று, ஓசூரில் இருக்கும் மகளுக்கு அனுப்ப போனில் பதிவு செய்தார். "இன்னைக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றார். மைக்கைச் சொல்கிறார் போல.

எனக்கு அழுகை வந்தது. இந்தப் பொங்கல் சீசனில் என்னை அணித் தலைவி ஆக்குவதாகப் புலவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அணித் தலைவி என்றால் கடைசியாகப் பேசி மேடையை முடித்து வைக்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இரண்டாவது இடம்தான். வருகிற நேரத்தில் இந்தப் பச்சைத்தண்ணிப் பேச்சைப் பேசினால் யார் கொடுப்பார்கள்?

டிசம்பர் 15, திங்கள்

மாத்திரை ஆச்சு. 138/88. டாக்டருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

டிசம்பர் 20, சனி

சங்கரன்கோவிலில் பேச்சு. வேன் சீக்கிரமே வந்துவிட்டது. இட்லியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே ஏறினேன்.

மேடையில் பழைய ஆவுடை வந்து நின்றாள்! நெஞ்சு குதித்தது, கை வேர்த்தது, வார்த்தை அருவி மாதிரி கொட்டியது. எதிரணி வில்வநாதன் குறிப்பெடுக்க முடியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பொன்னாடை போர்த்தினார்கள். திரும்பும்போது வேனில் பாட்டுப் பாடினேன். இவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

டிசம்பர் 21, ஞாயிறு

மாத்திரை ஆச்சு.

நெல்லையப்பர் தேர் ஓடும்போது ரதவீதியில் கரண்டை நிறுத்துவார்கள். இவர் சர்வீஸில் இருந்தபோது எத்தனையோ வருஷம் இவரே நிறுத்தியிருக்கிறார். தேர் நகர்ந்ததும் போட்டுவிடுவார்கள். யாருக்கு என்ன நஷ்டம்? சும்மா தோன்றியது, எழுதி வைத்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

தென்காசி. அமர்க்களம். "பேசாத வீடு பூட்டின வீடு" என்று சொன்னதும் விசில் பறந்தது.

டிசம்பர் 29, திங்கள்

மாத்திரை ஆச்சு. 150/94. லேசாகத் தலைவலி. பனிதான் காரணம்.

ஜனவரி 1, வியாழன்

அம்பாசமுத்திரத்தில் புத்தாண்டுக் கூட்டம். நல்ல கைதட்டல். வருஷம் நன்றாகத் தொடங்கியிருக்கிறது.

ஜனவரி 3, சனி

மாத்திரை ஆச்சு.

பட்டையில் கடைசி மாத்திரை. வாங்க மெடிக்கலுக்குப் போனேன். கடையில் ஜெபக்கனி இருந்தாள். முப்பது வயசு இருக்கும், வாய் என்னைவிட நீளம். மூக்கடைப்பாக இருக்கிறது, தொண்டை கரகரக்கிறது, ஒரு சளி மாத்திரையும் கொடு என்றேன்.

"அக்கா, நீங்க பிரஷர் மாத்திரை போடுதிய. மூக்கடைப்புக்கு உள்ள மாத்திரையில பாதி பிரஷரை ஏத்தும். டாக்டரைக் கேக்காமத் தர மாட்டேன். உப்புத் தண்ணி கொப்பளிங்க, ஆவி பிடிங்க."

கடையில் மாத்திரை கேட்டால் உப்பைச் சொல்லி அனுப்புகிறாள், விளங்கும் இந்த வியாபாரம். பழைய பட்டையைத் திருப்பி, விற்ற அன்றைக்கு அவளே எழுதிக் கொடுத்த தேதியைப் பார்த்தாள். "முப்பது மாத்திரை. ஒண்ணாந் தேதியே வந்திருக்கணுமே அக்கா?"

"புது வருஷம்லா, வேலை" என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தம் இல்லைதான். மேடையில் இதைத் தினமும் செய்கிறோம்.

ஜனவரி 8, வியாழன்

மாத்திரை ஆச்சு. 142/90.

புலவர் பட்டியலை அனுப்பிவிட்டார். பதினொன்றாம் தேதி முதல் பதினெட்டு வரை எட்டு நாள், எட்டு ஊர். எட்டிலும் கடைசிப் பேச்சு என்னுடையது! போனில், "இனிமே மேடையை முடிச்சு வைக்கது நீங்கதான் நாயகியம்மா" என்றார். கண்ணில் நீர் கட்டிவிட்டது. இவரிடம் சொன்னேன். "லீவு எழுதிக் குடுத்துட்டியா?" என்றார். எதற்கு என்று ஒரு கணம் திக்கென்றது. ஆபீஸ் லீவைக் கேட்டிருக்கிறார்.

ஜனவரி 11, ஞாயிறு

நாங்குநேரி. சேலைகளை இஸ்திரி போட்டு அடுக்கிவிட்டேன். முதல் நாள் வெற்றி.

ஜனவரி 13, செவ்வாய்

திசையன்விளை. நல்ல கூட்டம். ராத்திரி தலையணையில் காதை வைத்தால் உள்ளே யாரோ மேளம் அடிக்கிற மாதிரி இருக்கிறது. உற்சாகம்தான், வேறென்ன.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்.

காலையில் வாசலில் அடுப்புக்கட்டி வைத்துப் பானை ஏற்றினேன். கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. பனங்கிழங்கு அவித்தேன். பானையை ஏற்றுவதற்கு முன்னால் அதில் மஞ்சள் குலையைக் கட்டும்போது விரல் நடுங்கி இரண்டு முறை முடிச்சு நழுவியது. இவர் வாங்கிக் கட்டினார். கட்டிக்கொண்டே, "மாத்திரை ஆச்சா?" என்று கேட்டார்.

பொங்கல் வைக்கிற நேரத்தில் கேட்கிற கேள்வியா என்று சத்தம் போட்டேன். அவர் முடிச்சை இறுக்கினார்.

சாயங்காலம் தூத்துக்குடி. இரண்டாயிரம் பேர். முடித்து வைத்தேன்.

ஜனவரி 16, வெள்ளி

ஏரல். மேடைக்கு ஐந்து படிதான். ஏறுவதற்குள் இளைத்துவிட்டது. பொங்கல் சாப்பாடு அதிகம்.

ஜனவரி 19, திங்கள்

மாத்திரை ஆச்சு. நர்ஸ் கண் முன்னால் போட்டேன். விழுங்கினேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். என் வாயை மூடச் சொன்னவர்கள் உண்டு, திறக்கச் சொன்னது இவள்தான்.

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பிழைத்துவிட்டேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

சனிக்கிழமை சாத்தான்குளத்தில் பேச எழுந்தேன். நெஞ்சு தடதடத்தது. வழக்கம்தானே என்று தொடங்கினேன். நாலாவது நிமிஷம் நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு பாரம். உடம்பெல்லாம் வேர்வை. தாவணிக்காரிகள் நாலு பேர் முன்வரிசையில் இருந்தார்கள், அவர்கள் முகம் எட்டாகத் தெரிந்தது. "நடுவர் அவர்களே" என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. மணி அடிப்பதற்கு முன்னால் நான் உட்கார்ந்தது இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தேன் என்ன, விழுந்தேன். தாங்கிப் பிடித்தது வில்வநாதன். எதிரணி! அந்த மனுஷனை நான் என்னவெல்லாம் கேலி பேசியிருக்கிறேன்.

வேனிலேயே திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தார்கள். பிரஷர் 210/120. துடிப்பு நூற்று முப்பத்து நாலு. ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் விட்டு மறுபடி எடுத்தார்கள். மாரடைப்பு இல்லை. பக்கத்தில் போயிருக்கிறேன், வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

டியூட்டி டாக்டர் கேட்டார்: "மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களா?"

"போட்டேன்" என்றேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். இதை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் முகைதீன் வந்தார். என் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போய் இந்த நோட்டை எடுத்து வந்திருந்தார். டாக்டர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி வந்தார்.

"ஏம்மா, மத்த நாளெல்லாம் 'மாத்திரை ஆச்சு'ன்னு தொடங்குதீங்க. சங்கரன்கோவில்ல அந்த வரி இல்ல. தென்காசியில இல்ல. அம்பாசமுத்திரத்துல இல்ல. பதினொண்ணாந் தேதியில இருந்து ஒரு நாள்லயும் இல்லையே?"

நான் கூரையில் இருந்த ஃபேனைப் பார்த்தேன்.

"பேசுத அன்னைக்கு மட்டும் நிறுத்தியிருக்கீங்க. சரியா?"

வாயால் ஆயிரம் பொய் சொல்வேன். போடாத மாத்திரையைப் போட்டதாக எழுத மட்டும் என் கைக்கு வரவில்லை. முப்பது வருஷம் தபால் முத்திரையில் தேதி மாற்றாமல் குத்திய கை அது. "ஆமா டாக்டர்" என்றேன். சொன்னதும் நெஞ்சுப் பாரத்தில் பாதி இறங்கிவிட்டது. மாத்திரை மீதிப் பாதியைப் பார்த்துக்கொண்டது.

அவர் திட்டவில்லை. "படபடப்பை உண்டாக்குத சுரப்பு ஒண்ணு ரத்தத்துல ஓடுதும்மா. இந்த மாத்திரை கதவுல நின்னு அதை இதயத்துக்குள்ள விடாமப் பிடிச்சிட்டு இருக்கு. உள்ள சத்தம் கேக்கலையேன்னு இதயம் காதைக் கூடுதலாத் தீட்டி வச்சிக்கிடும். நீங்க திடீர்னு கதவைத் தொறந்துட்டா, எல்லாம் சேர்ந்து உள்ள பாயும். முன்ன இருந்ததைவிட மோசமா அடிக்கும். நிறுத்தவே கூடாதுன்னு இல்ல. நிறுத்தணும்னா நான் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சு, வாரக்கணக்குல நிறுத்துவேன். பேச்சு மந்தமா இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவை மாத்தியிருப்பேன், வேற மாத்திரை குடுத்திருப்பேன். ஊருக்கெல்லாம் பேசுதீங்க, என்கிட்டப் பேசலையே?"



ஜனவரி 20, செவ்வாய்

மாத்திரை ஆச்சு. 146/90. துடிப்பு எழுபத்தெட்டு.

இவர் இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். ஆரஞ்சை உரித்து, நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே பேசினார். நோட்டை அவரும் படித்திருக்கிறார்.

"தேருக்குக் கரண்டை நிறுத்துதோம்னு எழுதியிருக்க. ஒரு தெருவுக்கு, ஒரு மணி நேரம், மேல எழுதிக் கேட்டு, ஆளைக் கரண்ட் கம்பத்துக்கிட்ட நிறுத்தி வச்சிட்டு நிறுத்துவோம். நீ ஒருத்திட்டயும் சொல்லாம ஏழு நாள் தேர் இழுத்திருக்க."

"தெரியாமச் செஞ்சிட்டேன்."

"தெரிஞ்சுதான் செஞ்ச." சுளையை என் கையில் வைத்தார். "நீ மேடையில தோத்தா நான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவேன் ஆவுடை. இங்கன தோத்தியன்னா, நான் எங்க கூட்டிட்டுப் போவேன்?"

எத்தனை வார்த்தை என்று எண்ணவில்லை. நான் அழுதேன். அவர் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிப் பையில் போட்டார்.

ஜனவரி 21, புதன்

மாத்திரை ஆச்சு. வீட்டுக்கு வந்தாச்சு! ரசம் சாதம், சுட்ட அப்பளம். அடடா, என்ன ருசி. கேஸ் அடுப்பின் மேல் காய்ந்து கிடந்த பால் கறையைத் துடைக்கும்போதுகூடச் சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

மாத்திரை ஆச்சு. 134/84.

பொழுது போகாமல் இவருடைய போனில் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். முதலில் சங்கரன்கோவில். பழைய ஆவுடை வந்து நின்றாளே, அந்தப் பேச்சு. பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஒரே ஓட்டம். வார்த்தையின் வாலை அடுத்த வார்த்தை விழுங்குகிறது. ஜனங்கள் சிரிக்க வாயைத் திறக்கும்போது நான் அடுத்த நகைச்சுவையில் இருக்கிறேன். வில்வநாதன் பேனாவைக் கீழே வைத்தது தோற்றுப்போய் அல்ல, ஒன்றும் விளங்காமல்.

அப்புறம் கல்லிடைக்குறிச்சி. பச்சைத்தண்ணிப் பேச்சு என்று நான் அழுதது. மாத்திரை போட்ட நாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுகிறது. சொல்லிவிட்டு நிற்கிறேன். அந்த இடைவெளியில் சிரிப்பு எழும்பி, முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போய்த் திரும்பி வருகிறது. மரியாதைச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"இன்னைக்கு நல்லாக் கேட்டுச்சுன்னு அன்னைக்குச் சொன்னியளே, மைக்கையா சொன்னிய?" என்று கேட்டேன்.

"மைக்கு என்னைக்கும் கேக்கும். நீ பேசுனது அன்னைக்குத்தான் கேட்டுச்சு" என்றார்.

தடதடத்தது என் நெஞ்சுதான், என் பேச்சு இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.

பிப்ரவரி 2, திங்கள்

மாத்திரை ஆச்சு. 130/82. துடிப்பு அறுபத்தெட்டு.

டாக்டரிடம் போனேன். அதே மாத்திரையைத் தொடரலாம் என்றார். துடிப்பு ஐம்பதுக்குக் கீழே போனாலோ, மயக்கம் வந்தாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே வர வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் இந்த மாத்திரை போடுகிறேன் என்று முதலில் சொல்ல வேண்டும். மேடை ஏறலாமா என்று பயந்து பயந்து கேட்டேன். "ஏறுங்க. மெள்ள ஏறுங்க" என்றார்.

வாசலுக்கு வந்து ஜெபக்கனி கடைப் பக்கம் நின்று, நடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கே தேதியைப் பாத்தேன், விட்டுட்டேனே அக்கா" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நல்ல பிள்ளை.

பிப்ரவரி 4, புதன்

மாத்திரை ஆச்சு. புலவர் வீட்டுக்கு வந்தார். வருகிற ஞாயிறு வள்ளியூரில் அதே தலைப்பு. "அணியை மாத்திப் போட்டிருக்கேன். இந்தத் தடவை நீங்க கேட்கும் கணவன் அணி. கடைசிப் பேச்சு உங்களோடதுதான், அதை யாருக்கும் குடுக்கல" என்றார். ஊருக்கு ஊர் அணி மாறுவது எங்கள் தொழிலில் சகஜம். ஆனாலும் எனக்கா கேட்கும் கணவன்? உள்ளே இவர் காபி ஆற்றும் சத்தம் கேட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு. வள்ளியூர்.

மாத்திரை ஆச்சு.

மேடை நாளில் இந்த வரியை எழுதுகிறேன், டாக்டர். பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 9, திங்கள்

மாத்திரை ஆச்சு. 128/82.

நேற்றைக் கதையை எழுதிவிடுகிறேன். படியை மெள்ள ஏறினேன். என் முறை வந்தது. நெஞ்சு கம்மென்று இருந்தது, நானும் அதைத் தேடவில்லை. தண்ணீர் குடித்து, கூட்டத்தைப் பார்த்து, பேசத் தொடங்கினேன். சிரிப்பு வந்தபோதெல்லாம் நின்றேன். வில்வநாதன் பேசும் மனைவிக்காக என் பழைய வரிகளையே எடுத்து என்மேல் வீசியிருந்தார். அதற்கும் நின்று, சிரித்துப் பதில் சொன்னேன்.

கடைசியில் எழுதி வைத்ததை விட்டுவிட்டு இதைச் சொன்னேன்: "நடுவர் அவர்களே, எங்கள் வீட்டில் நான் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வார்த்தை பேசுவேன். என் கணவர் கேட்பார். அவர் திருப்பிக் கேட்பது ஒரே ஒரு வார்த்தை. 'ஆச்சா?' மாத்திரை போட்டாச்சா என்று அர்த்தம். ஒரு வாரம் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சாத்தான்குளம் மேடையில் விழுந்தேன். நான் இன்றைக்கு நின்று பேசுவது, அவர் கேட்டதால். மைக் பக்கத்தில் நிற்கிறார். ஊரே சாட்சியாகச் சொல்கிறேன்: ஆச்சுங்க!"

மணி அடிக்க இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. நானாகவே உட்கார்ந்துவிட்டேன். கைதட்டல் அந்த ஒரு நிமிஷத்தையும் எடுத்துக்கொண்டது. புலவர் கேட்கும் கணவனுக்கே தீர்ப்பு என்றார்.

இன்று காலை மகளுக்கு அனுப்புவதற்கு முன்னால் பதிவைப் போட்டுக் கேட்டேன். பேச்சு தெளிவாக இருக்கிறது. கடைசியில் கைதட்டலையும் மீறி, போனுக்கு ரொம்பப் பக்கத்தில், யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். மறுபடியும். மறுபடியும்.

"இது யாரு?" என்று இவரிடம் கேட்டேன்.

மைக் செட்காரருக்குச் சளியாம்.